உங்கள் கருத்து வரவேற்கப்படுகிறது

1936 ஜூன் மாதம் ஸ்டாலின் தன் வாழ்நாளில் அதிகம் செய்திராத ஒரு காரியத்தைச் செய்தார். நாட்டு மக்களிடம் கருத்துக் கேட்டார்.

சிரிக்காதீர்கள், நிஜமாகவே கேட்டார். சோவியத் ஒன்றியத்துக்குப் புது அரசியல் சாசனம் எழுத 31 பேர் குழு ஒன்று இருந்தது. தலைவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. ஜூன் 12 அன்று வரைவு பத்திரிகைகளில் வந்தது. அன்று தொடங்கி ஆலை, பள்ளிக்கூடம், ராணுவ முகாம், கூட்டுப்பண்ணை என்று ஓரிடம் விடாமல் கூட்டம் போட்டு, பிரிவு பிரிவாக வாசித்துக் காட்டி, "யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார்கள். கலந்துகொண்டவர்கள் 5 கோடிக்கும் மேல் என்பது அரசுக் கணக்கு. அரசுக் கணக்கில் பாதியைத் தள்ளுபடி செய்தாலும் மிச்சம் இருப்பது லேசான கூட்டம் இல்லை.

இதில் எனக்கென்ன அக்கறை என்றால், என் பிழைப்பே இதுதான். அரசியல் சாசனம் எழுதும்போது பொதுமக்களையும் சேர்த்துக்கொண்டால் என்ன ஆகிறது என்று ஆராய்கிற அரசறிவியல்காரன் நான். முனைவர் பட்டத்தின் மை இன்னும் காயவில்லை. வேலை வருடாந்திர ஒப்பந்தத்தில் ஓடுகிறது. மக்கள் எழுதிப்போட்ட மனுக்களை எக்செல் தாளில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி போடுவது அன்றாட அலுவல். 'ஆதரவு', 'எதிர்ப்பு', 'திருத்தம்' என்று அழகாகப் பத்திகள் பிரித்து வைத்திருக்கிறேன். எந்தக் கண்டத்து மனுவை எடுத்தாலும் கடைசியில் நிரம்பி வழிவது 'மற்றவை' என்ற பத்திதான். வராத ஓய்வூதியம், பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப்போட்டது, கிராம அதிகாரியின் நடத்தை, கடவுள், மாடு, கஞ்சா. சாசனம் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கேட்பார்கள், ஜனங்கள் வேறொன்றைச் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற இனம் நாங்கள்.

கேட்கிறவர்களுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. மண்டபம் பேசி, பத்திரிகை அடித்து, மாப்பிள்ளைக்குச் செயினும் எடுத்தான பிறகு, யாரோ ஒரு பெரியப்பாவுக்கு மனசாட்சி உறுத்தி, "எதுக்கும் பொண்ணுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்கப்பா" என்பார் இல்லையா? அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் துறை. பெண் வாயைத் திறந்து ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அந்தப் பெரியப்பா யோசித்திருக்க மாட்டார்.

சோவியத் மக்கள் வாயைத் திறந்தார்கள். வழக்கமான நன்றிகளும் வாழ்த்துகளும் டன் கணக்கில் வந்தன, அதை விடுங்கள். கூட்டுப்பண்ணை விவசாயிகள் வரைவைப் படித்துவிட்டு, ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் சம்பளத்தோடு விடுமுறையும் காப்பீடும் உண்டென்றால் நாங்கள் என்ன பாவம் செய்தோம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பாதிரியார்களுக்கும் பழைய பணக்காரர்களுக்கும் ஓட்டுரிமை தருகிறீர்களாமே, கூடவே கூடாது என்றார்கள். இதுவும் போகட்டும். 127-ஆம் பிரிவுக்கு வந்தபோதுதான் வேடிக்கை. நீதிமன்றத்தின் முடிவோ அரசு வழக்குரைஞரின் ஒப்புதலோ இல்லாமல் யாரையும் கைது செய்யக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. ஊர் ஊராக அதற்கு எதிர்ப்பு. திருடனைக் கண்ணெதிரே பிடித்துவிட்டு, பத்து மைல் தள்ளி இருக்கிற வழக்குரைஞரின் கையெழுத்துக்குக் காத்திருக்கச் சொன்னால் அதற்குள் அவன் ஓடிவிட மாட்டானா? உள்ளூர்க்காரர்களே பிடித்து உள்ளே போடட்டும் என்றார்கள். ஸ்டாலின் ஒருத்தரைக் கைது பண்ண இவ்வளவு யோசிக்கிறாரே என்று ஜனங்கள் குறைப்பட்டுக்கொண்டது உலக வரலாற்றில் அந்த ஒரு கோடைகாலத்தில்தான்.

நவம்பர் 25 அன்று ஸ்டாலின் மேடையேறி, வந்த திருத்தங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பொறுமையாகப் பதில் சொன்னார். பாதிரியார்களின் ஓட்டைப் பறிக்க வேண்டும் என்பது நிராகரிப்பு. மத வழிபாட்டைத் தடைசெய்ய வேண்டும் என்பதும் நிராகரிப்பு. ஒன்றியத்திலிருந்து குடியரசுகள் பிரிந்துபோகும் உரிமையை எடுத்துவிடலாமே என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதெல்லாம் மக்களின் உரிமை, எடுக்கக் கூடாது என்றார். பேச்சை மட்டும் படித்தால் பெரிய தாராளவாதி. டிசம்பர் 5 அன்று சாசனம் நிறைவேறியது, பிரிவு 127 உட்பட. யார் வேண்டுமானாலும் சட்டென்று கைது செய்ய வசதி வேண்டும் என்ற மக்கள் கோரிக்கை ஏட்டில் ஏறவில்லையே தவிர, அடுத்த ஆண்டே நடைமுறையில் அவர்கள் எதிர்பார்த்ததைவிடத் தாராளமாக நிறைவேற்றிக்கொடுக்கப்பட்டது.

வரைவுக் குழுவில் இருந்த ராடெக், மக்கள் இன்னும் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, செப்டம்பரில் கைதானார். இன்னொரு உறுப்பினர் புகாரின் 1937 பிப்ரவரியில் உள்ளே போனார், 1938 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். எழுதியவர்களுக்கே இந்தக் கதி. வேறொரு கேள்விக்குப் பதில் சொன்னவர்களின் கதையும் இருக்கிறது. 1937 ஜனவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது, மதநம்பிக்கை உண்டா என்று அதில் ஒரு கேள்வி. பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் "உண்டு" என்று எழுதினார்கள். மொத்தத் தலைகளும் எதிர்பார்த்ததைவிடப் பல லட்சம் குறைவாக இருந்தன. முந்தைய ஆண்டுகளின் பஞ்சத்தில் செத்தவர்கள் படிவம் நிரப்ப வரவில்லை. அரசு யோசித்துப் பார்த்து, கணக்கெடுப்பைச் செல்லாது என்று அறிவித்து, கணக்கெடுத்த அதிகாரிகளைக் கைது செய்தது. தரவு ஒத்துவரவில்லை என்றால் என்ன செய்யலாம் என்பதற்கு இதைவிட நேரடியான ஆய்வுமுறையை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை.

நம் ஊர்க் கதை வேறு மாதிரி. எங்கள் துறைக்கு இந்தியா ஒரு தீராத சங்கடம். மக்கள் பங்கேற்றால்தான் சாசனம் நிலைக்கும் என்று நாங்கள் மாநாட்டில் பேசிக்கொண்டிருப்போம். கேள்வி நேரத்தில் யாராவது ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அப்ப இந்தியா?" என்பார். அரசியல் நிர்ணய சபைக்கு மக்கள் நேரடியாக யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. 1946-இல் சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவர்கள் ஓட்டுப் போட்டு மாகாணச் சட்டசபைகளை உண்டாக்கினார்கள். அந்தச் சட்டசபைகள் நிர்ணய சபையை உண்டாக்கின. எழுதி முடித்தபிறகும் பொதுவாக்கெடுப்பு கிடையாது. ஆனாலும் 1950-இல் போட்ட சாசனம், நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டுத்தையல்களோடு, இன்றைக்கும் உடுத்தும் பதத்தில் இருக்கிறது.

ஜனங்கள் சும்மா இருந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. கேட்காமலே சொல்வது நமக்குக் கைவந்த கலை. பசுவதைத் தடை கேட்டு மட்டும் தந்தியும் தபால் கார்டும் டெல்லியில் வந்து குவிந்தன. 1948 பிப்ரவரியில் வரைவு வெளியானதும் மாகாண அரசுகள், நீதிபதிகள், சங்கங்கள், தனியாட்கள் என்று ஆளாளுக்குக் குறிப்பு அனுப்பினார்கள். சபையின் சாசன ஆலோசகர் பி.என். ராவ் அலுவலகம் அத்தனையையும் தொகுத்து வைத்துக்கொண்டது. மாட்டுக்குப் பலன் கிடைத்தது. பிரிவு 48-இல் வழிகாட்டும் நெறியாக ஓர் இடம் பிடித்துவிட்டது.

வரைவுக் குழுவுக்குள் பங்கேற்பு எந்த லட்சணத்தில் இருந்தது என்பதை டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1948 நவம்பரில் சபையிலேயே போட்டு உடைத்தார். நீங்கள் போட்டது ஏழு பேர். ஒருவர் ராஜினாமா செய்தார், வேறொருவர் வந்தார். ஒருவர் காலமானார், அந்த இடம் காலி. ஒருவர் அமெரிக்காவில். ஒருவருக்கு அரசு அலுவல். ஓரிருவர் டெல்லிக்குத் தூரத்தில், உடம்பும் சரியில்லை. ஆக மொத்தப் பாரமும் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்றார். அலுவலகக் கமிட்டி எதிலாவது ஒருமுறை இருந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஏழு பேர் குழு என்றால் வேலை செய்கிறவர் ஒருவர், குரூப் போட்டோவில் ஏழு பேர்.

இடையில் வந்த சிலவற்றை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 1987-88 பிரேசிலில் 30,000 கையெழுத்து கொண்டுவந்தால் யாரும் ஒரு திருத்தம் கொடுக்கலாம் என்றார்கள். 122 திருத்தங்கள், மொத்தம் சுமார் 1.2 கோடிக் கையெழுத்துகள். தென்னாப்பிரிக்காவில் 1995-96-இல் வந்தவை கிட்டத்தட்ட 20 லட்சம் என்பார்கள். பெரும்பாலானவை ஒரே வாசகத்தின் கீழ் வரிசையாகப் போட்ட கையெழுத்துகள். அதை முழுக்கப் படித்த மனிதர் யாராவது உயிரோடு இருந்தால் அவருக்கு ஒரு மாலை. இலங்கையில் 2016-இல் ஒரு குழு மாவட்டம் மாவட்டமாகப் போய்க் கருத்துக் கேட்டது. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் வரிசையில் நின்று, வேறெங்கும் சொல்ல வாய்ப்பில்லாததையெல்லாம் சொன்னார்கள். மே மாதமே அறிக்கை வந்துவிட்டது. சிக்கலான விஷயங்களில் உறுப்பினர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாததால், இப்படியும் செய்யலாம், அப்படியும் செய்யலாம் என்று பல பரிந்துரைகளை அடுத்தடுத்து அச்சிட்டார்கள். புதிய சாசனம் இன்னும் வரவில்லை.

இப்போது ஐஸ்லாந்து. எங்கள் துறையில் ஐஸ்லாந்து என்றாலே எல்லோருக்கும் குரல் கொஞ்சம் தழுதழுக்கும்.

அந்த நாட்டுக்கு முதலில் சாசனம் தந்தது டென்மார்க் ராஜா ஒன்பதாம் கிறிஸ்டியன், 1874-இல். கையில் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அவருடைய சிலை இன்றைக்கும் ரெய்க்யாவிக்கில் பிரதமர் அலுவலக வாசலில் இருக்கிறது. 1944-இல் குடியரசானபோது, போர்க்காலத்தில் புதிதாக எழுத நேரமில்லை என்று, 'ராஜா' என்று இருந்த இடத்திலெல்லாம் 'ஜனாதிபதி' என்று மாற்றி, இன்னும் கொஞ்சம் தட்டிக்கொட்டி, அதையே வைத்துக்கொண்டார்கள். சீக்கிரமே முழுசாகத் திருத்திவிடலாம் என்பது பேச்சு. அதற்காகக் குழுக்கள் அமைந்தன, கலைந்தன, மறுபடி அமைந்தன. அறுபது வருஷம் ஓடிவிட்டது.

2008 அக்டோபரில் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் கவிழ்ந்தன. மூன்று லட்சத்துச் சொச்சம் ஜனத்தொகை. அதில் கணிசமானவர்கள் பாத்திர பண்டங்களை எடுத்துக்கொண்டு நாடாளுமன்றத்தின் முன் வந்து தட்டினார்கள். 2009 ஜனவரியில் அரசு போனது. புதிதாக வந்த யோஹன்னா சிகுர்தார்தோத்திரின் அரசு, வங்கி கவிழ்ந்ததற்கும் சாசனத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்தது. கடன்காரன் வாசலில் நிற்கும்போது வீட்டுக்கு வெள்ளையடிக்கிற யோசனை இது என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள்.

2010 நவம்பர் 6 அன்று, குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுத்த சுமார் 950 பேரை ஓர் அரங்கில் உட்காரவைத்து, நாடு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். நேர்மை, சமத்துவம், இயற்கை வளம் மக்களுக்கே என்று சொல்லிவிட்டு அவர்கள் வீடு திரும்பினார்கள். அதே மாதம் 27-ஆம் தேதி, சாசனம் எழுத 25 பேரைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல். கட்சிகள் கூடாது, சாதாரண மக்கள் நிற்கலாம் என்றதும் 500-க்கும் மேற்பட்டவர்கள் நின்றார்கள். சுமார் 450 வாக்காளருக்கு ஒரு வேட்பாளர். ஒவ்வொரு தெருவிலும் யாராவது ஒருவர் நிற்கிறார். யாருக்குப் போட்டாலும் மீதிப் பேர் வருத்தப்படுவார்கள். ஆளுக்கொரு நான்கு இலக்க எண். வாக்காளர் ஓட்டுச்சீட்டில் அந்த எண்களை விருப்ப வரிசைப்படி எழுத வேண்டும். வீட்டிலிருந்தே எழுதி எடுத்துப்போனவர்கள் பிழைத்தார்கள். வாக்குப்பதிவு 37 சதவீதத்துக்குப் பக்கத்தில் நின்றது.

வேட்பாளர் ஏராளம், சீட்டு பெரிது, நேரம் குறைவு என்பதால், வழக்கமான மறைப்புக்குப் பதில் அட்டைத் தடுப்புகளை வைத்திருந்தார்கள். தடுப்பு குட்டை. எட்டிப் பார்த்தால் பக்கத்து ஆள் எழுதுவது தெரியும். சீட்டில் வரிசை எண் இருக்கிறது, மடிக்கவும் சொல்லவில்லை, பெட்டிக்குச் சரியான பூட்டு இல்லை என்று மூன்று பேர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரி 25 அன்று நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. மக்கள் சாசனம் அட்டைத் தடுப்பில் தடுக்கி விழுந்தது. யாரும் யாருடைய சீட்டையும் எட்டிப் பார்த்ததாக நிரூபணம் இல்லை. 500 எண்களில் தன்னுடைய 25-ஐத் தேடிக்கொண்டிருக்கிறவனுக்கு எட்டிப் பார்க்க ஏது நேரம்?

நாடாளுமன்றம் சளைக்கவில்லை. தேர்தல்தானே செல்லாது, ஆட்கள் செல்லுவார்களே என்று, ஜெயித்த அதே ஆட்களை 'சபை' என்பதற்குப் பதில் 'மன்றம்' என்று பெயர் மாற்றி நியமித்துவிட்டது. ஒருவர் மட்டும் எனக்கு வேண்டாம் என்று ஒதுங்க, அடுத்த இடத்தில் இருந்தவர் வந்தார். பொருளாதாரப் பேராசிரியர், பாதிரியார், விவசாயி, டாக்டர், தொலைக்காட்சிக்காரர் என்று கலவையான கூட்டம். 2011 ஏப்ரலில் உட்கார்ந்து ஜூலை இறுதியில் எழுந்தார்கள். நாலே மாதம். ஒவ்வொரு வாரமும் எழுதின மட்டும் இணையத்தில் போட்டார்கள். கூட்டங்களை நேரலையில் காட்டினார்கள். ஃபேஸ்புக்கில் கருத்துக் கேட்டார்கள். சுமார் 3,600 பின்னூட்டங்கள் வந்தன. ஃபேஸ்புக்கில் கேட்டு வாங்கிய கருத்தை ஒரு நாட்டின் சாசன வரைவில் சேர்த்தார்கள் என்பதே பெரிய விஷயம். அதைவிடப் பெரிய விஷயம், அந்தப் பின்னூட்டங்கள் பெரும்பாலும் மரியாதையாக இருந்தன. வெளிநாட்டுப் பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. நாட்டில் உள்ளவர்களுக்கு இதெல்லாம் அவ்வளவு தெரியாது. அவர்கள் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

114 பிரிவுகள், 25 பேரும் ஒருமனதாக ஒப்புதல். கட்சி அரசியல்வாதிகளால் ஆகாதது இது. 2012 அக்டோபர் 20 அன்று, இதை அடிப்படையாக வைத்துப் புது சாசனம் கொண்டுவரலாமா என்று பொதுவாக்கெடுப்பு. வந்தவர்கள் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆமாம் என்றார்கள். இயற்கை வளம் நாட்டுக்கே சொந்தம் என்பதற்கு 83 சதவீதம். மக்கள் அப்படியே தலையாட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். தேசியத் திருச்சபை பற்றிய பிரிவை மன்றம் எடுத்துவிட்டிருந்தது. அதைத் தனிக் கேள்வியாகக் கேட்டபோது, அது இருக்கட்டும் என்று பெரும்பான்மை சொன்னது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமே தலைகாட்டாத ஊர் அது!

அடுத்து நடந்தது எதுவுமில்லை. அது எப்படி நடந்தது என்பதுதான் கலை. நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியினர் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆளும் பக்கத்திலும் சிலருக்குச் சட்டென்று சட்ட நுணுக்கங்கள் நினைவுக்கு வந்தன. மீன்பிடி உரிமையில் கொழுத்தவர்களுக்கு 'வளம் மக்களுக்கே' என்ற பிரிவு பிடிக்காதது இயற்கை. யாரும் "நிராகரிக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாக்கெடுப்புக்கே விடாமல் 2013 வசந்தத்தில் கூட்டத்தொடரை முடித்துக்கொண்டு தேர்தலுக்குப் போனார்கள். வங்கிகள் வளர்ந்த காலத்தில் ஆண்ட அதே இரண்டு கட்சிகளை மக்கள் கூப்பிட்டு மறுபடி உட்காரவைத்தார்கள். அதில் பிரதமரானவர் 2016-இல் பனாமா ஆவணங்களில் பெயர் அடிபட்டு விலகினார். 2020-இல் ரெய்க்யாவிக் சுவரொன்றில் "புது சாசனம் எங்கே?" என்று யாரோ எழுதினார்கள். அரசாங்கம் ஆள் வைத்துக் கழுவியது. பக்கத்துச் சுவரில் இன்னும் பெரிதாக எழுதினார்கள். இந்த ஒரு கேள்விக்குத்தான் அரசு உடனடியாகச் செயல்பட்டது.

ஐஸ்லாந்தில் மக்கள் சரி என்றும் நடக்கவில்லை. சிலேயில் மக்கள் வேண்டும் என்று சொல்லி, எழுதச் சொல்லி, எழுதியதைத் தூக்கிப் போட்டார்கள். இரண்டு தரம்.

2019 அக்டோபரில் சாந்தியாகோ மெட்ரோ கட்டணத்தை 30 பெசோ ஏற்றினார்கள். நாடே தெருவுக்கு வந்தது. கட்டணத்தில் தொடங்கிய கோபம் சர்வாதிகாரி பினோசெட் காலத்து 1980 சாசனத்தில் போய் நின்றது. 2020 வாக்கெடுப்பில் 78 சதவீதம் புதுசு வேண்டும் என்றது. 155 பேர் சபை. ஆணும் பெண்ணும் சரிபாதி, பழங்குடியினருக்கு 17 இடம், மாபுச்சே இனப் பேராசிரியை எலிசா லோன்கோன் முதல் தலைவர். உறுப்பினர்களில் ஒருவர் பள்ளி வேன் ஓட்டுகிற பெண்மணி. மகன் அம்மாவின் கணக்கில் இணையத்தில் வாங்கிக் குவித்த பிகாச்சு வேஷ உடையைப் போட்டுக்கொண்டு போராட்டத்தில் ஆடியதில் நாடறிந்தவர். இவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறைய. சிரித்தவர்களில் பெரும்பாலோர் தேர்தலில் ஜெயித்து அவையில் உட்கார்ந்திருக்கவில்லை. உண்மையான தலைவலிகள் வேறு. புற்றுநோயோடு போராடுகிறவர் என்று ஜெயித்து வந்த ஒருவருக்குப் புற்றுநோயே இல்லை என்று தெரியவந்தது. இன்னொருவர் குளித்துக்கொண்டே இணையவழி வாக்களித்தார். தண்ணீர் சத்தம் அவையில் கேட்டது.

மக்கள் பங்கேற்புக்கு அங்கே உச்சபட்ச ஏற்பாடு. 15,000 பேர் ஆதரித்தால் உங்கள் பிரிவை சபை கட்டாயம் விவாதிக்கும். கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர் இதில் கலந்துகொண்டார்கள்; 78 முன்மொழிவுகள் வரம்பைத் தாண்டின, கஞ்சா உட்பட. எல்லாவற்றிலும் அதிக ஆதரவு பெற்றது எது தெரியுமா? 60,000-க்கும் மேற்பட்டோர் ஆதரித்த, என் ஓய்வூதியச் சேமிப்பில் அரசு கை வைக்கக் கூடாது என்ற முன்மொழிவு. மக்கள் ஏதோ உயர்ந்த லட்சியங்களை எழுதுவார்கள் என்று காத்திருந்த சபைக்கு இது பிடிக்கவில்லை, நிராகரித்தது. மக்களின் முதல் கோரிக்கையை மக்கள் சபை தள்ளியது. 388 பிரிவுகளோடு வந்த மக்கள் சாசனத்தை 2022 செப்டம்பர் 4 அன்று மக்கள் தள்ளினார்கள். 62 சதவீதம் வேண்டாம். அந்த வரைவு நடைபாதைக் கடைகளில் சக்கைப்போடு போட்டது என்பதையும் சொல்ல வேண்டும். வாங்கிப் படித்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார்கள்.

சரி, இன்னொரு சபை. 2023 மே தேர்தலில் அதில் அதிக இடம் பிடித்தது, பழைய சாசனமே நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவந்த வலதுசாரிக் கட்சி. ஆக, புது சாசனம் வேண்டாம் என்றவர்கள் உட்கார்ந்து புது சாசனம் எழுதினார்கள். டிசம்பர் வாக்கெடுப்பில், பினோசெட்டை ஆதரித்தவர்கள் பினோசெட் சாசனத்தை நீக்க ஓட்டு கேட்டார்கள். பினோசெட்டை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர்கள் அவருடைய சாசனத்தைக் காப்பாற்ற ஓட்டு கேட்டார்கள். 56 சதவீதம் வேண்டாம் என்றது. காப்பாற்றினவர்கள் ஜெயித்தார்கள். எதைக் கொண்டாடுகிறோம் என்று தெரியாமல் அன்றிரவு சிலர் கொண்டாடியும் இருக்க வேண்டும்.

அப்படியானால் ஊரெல்லாம் கேட்டு எழுதின சாசனம் எதுவும் நூற்றாண்டுகள் தாண்டி நிலைத்ததே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சாசனம். 1780-இல் போட்டது, இன்றைக்கும் அமலில் இருக்கிறது. அது எப்படி நிறைவேறியது என்பதை எங்கள் துறையில் குழந்தைகள் இல்லாத நேரத்தில்தான் பேசுவோம்.

அமெரிக்கச் சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். சட்டசபையே ஒரு சாசனம் எழுதி 1778-இல் ஊர்களுக்கு அனுப்பியது. ஊர் என்றால் நம் கிராமசபை மாதிரி கூடிப் பேசி ஓட்டெடுக்கிற ஊர்கள். 9,972 பேர் வேண்டாம், 2,083 பேர் வேண்டும். அதிலும் பல ஊர்கள் பதிலே அனுப்பவில்லை. கான்கார்டு என்ற ஊர் அதற்கு முன்பே, சட்டசபைக்குச் சாசனம் எழுத என்ன யோக்கியதை, அதற்கென்று தனி மாநாடு கூட்டுங்கள் என்று சொல்லியிருந்தது. சரியென்று தனி மாநாடு கூட்டினார்கள். மாநாடு 30 பேர் குழு போட்டது, 30 பேர் குழு மூன்று பேர் துணைக்குழு போட்டது, துணைக்குழு ஜான் ஆடம்ஸிடம் கொடுத்தது. அவர் எழுதிக் கொடுத்துவிட்டு பிரான்ஸுக்குக் கப்பல் ஏறினார்.

1780 மார்ச்சில் மறுபடி ஊர்களுக்குப் போனது. 21 வயதான சுதந்திர ஆண்கள் எல்லோரும், சொத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதில் ஓட்டுப் போடலாம். தாராளம்தான். எதற்கு ஓட்டு? 60 பவுண்டு சொத்தோ ஆண்டுக்கு மூன்று பவுண்டு வருமானமோ இல்லாதவனுக்கு இனி ஓட்டில்லை என்று சொல்லும் சாசனத்துக்கு. ஓட்டில்லாமல் போகப்போகிறவனிடம் கடைசியாக ஓர் ஓட்டு வாங்கிக்கொண்டார்கள். போர்க்களத்தில் நிற்கிற பையனுக்கு ஓட்டில்லையா என்று சில ஊர்கள் பொங்கின. ஆளுநர் கிறிஸ்தவராக இருந்தால் போதாது, புராட்டஸ்டண்ட் என்று தெளிவாக எழுது என்றன பல ஊர்கள். ஊர்க்காசில் போதகருக்குச் சம்பளம் என்ற மூன்றாம் பிரிவுக்குத் திட்டு மழை. ஊர்கள் வெறுமனே ஆமாம், இல்லை என்று சொல்லவில்லை. பிரிவு வாரியாகப் பக்கம் பக்கமாக எழுதின. அதையெல்லாம் அச்சில் போட்டிருக்கிறார்கள், தடித்த புத்தகம். கட்டளையும் கோபமும் கையெழுத்துமாக, என் 'மற்றவை' பத்திக்கு ஜென்ம சாபல்யம்.

மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பது விதி. ஜூன் மாதம் மாநாடு பாஸ்டனில் கூடிக் கட்டுகளைப் பிரித்தது. ஒரு ஊர் 'இதை மாற்றினால் சம்மதம்' என்கிறது, அடுத்த ஊர் 'அதை நீக்கினால் சம்மதம்' என்கிறது. எல்லாவற்றையும் சீர்தூக்கித் திருத்தி, மறுபடி அனுப்பினால் இன்னொரு வருஷம் ஆகும். உறுப்பினர்கள் சட்டென்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மாற்றினால் சம்மதம் என்றாலும் அதில் சம்மதம் இருக்கிறதல்லவா? போடு சம்மதத்தில்! திருத்தம் கேட்டவர்கள் பலர் அப்படி, அவர்கள் எதிர்த்த வாசகத்துக்கே ஆதரவாளர்கள் ஆனார்கள். எல்லாப் பிரிவும் மூன்றில் இரண்டு பங்கு பெற்று நிறைவேறியதாக அறிவித்து, மாநாட்டைக் கலைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டார்கள். சாமுவேல் எலியட் மாரிசன் என்ற வரலாற்றாசிரியர் 1917-இல் உட்கார்ந்து திரும்ப எண்ணிப் பார்த்தபோதுதான், மூன்றாம் பிரிவு தேறியே இருக்காது என்று தெரிந்தது. அதற்குள் 137 வருஷம் ஆகிவிட்டது. மேல்முறையீடு செய்ய ஆளில்லை.

இந்த எண்ணும் முறையை விளக்கிச் சமீபத்தில் ஒரு கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். முதல் மதிப்பீட்டாளர், சில திருத்தங்களோடு ஏற்கலாம் என்றார். இரண்டாமவர், கோட்பாட்டை மாற்றி, தரவை மாற்றி, முடிவையும் மாற்றினால் பரிசீலிக்கலாம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். மூன்றாமவர் பதிலே போடவில்லை. கட்டுரை ஒருமனதாக ஏற்கப்பட்டதற்கு நன்றி தெரிவித்துப் பதிப்பாசிரியருக்கு உடனே எழுதிவிட்டேன். அவர் இன்னும் ஒன்றும் சொல்லக் காணோம், எண்ணிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.